துருக்கிய மொழியின் அன்புச் செய்தி ஆங்கிலத்தில் பிசகினால்: அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் வழி

இஸ்தான்புல் மாமியார் லண்டன் மருமகளுக்கு அனுப்பும் குறுஞ்செய்தி, இஸ்மிரில் இருக்கும் காதலன் மான்செஸ்டரில் படிக்கும் காதலிக்கு நள்ளிரவில் எழுதும் நாலு வரி, துருக்கிய மொழி மறந்துபோன பேத்திக்குப் பாட்டி சொல்லி யாரோ தட்டச்சு செய்தது. இப்படிப்பட்டவற்றை ஆங்கிலத்தில் மாற்றித் தரும்போது அதே ஏழெட்டுப் பிழைகள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஒவ்வொரு சொல்லும் அகராதிப்படி சரியாக இருக்கும். ஆனாலும் படிப்பவர், "இது கோபமா, கொஞ்சலா?" என்று கேட்பார்.

வேலையைத் தொடங்குமுன் மூன்று விவரம் வேண்டும். அனுப்பியவர் யார்? பெறுபவர் யார்? இதற்கு முந்தைய செய்தி என்ன? ஒரு வரியை மட்டும் வெட்டி அனுப்பினால் நான் கை வைப்பதில்லை.

தமிழர்களுக்கு இந்த வேலையில் ஒரு வசதி உண்டு. பெரும்பாலான செய்திகளை முதலில் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாலே, அது என்ன செய்கிறது என்பது காதுக்குப் பிடிபட்டுவிடும். அதன் பிறகு, ஆங்கிலம் பேசும் ஒருவர் இதே இடத்தில் என்ன சொல்வார் என்று யோசித்தால் போதும். கீழே வரும் துருக்கியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் முடிந்தவரை நெருங்கி எழுதியிருக்கிறேன். அவர்களுடைய புள்ளியில்லாத ஐ எழுத்தின் உண்மையான ஒலி, "பாட்டு" என்பதன் கடைசி உகரம்தான். படிக்க எளிதாக இருக்கட்டும் என்று அதை இகரமாகவே எழுதுகிறேன்.

## அறிகுறி 1: சம்பந்தமே இல்லாத பொருள் வருகிறது

காதலியை "என் ஹேங்கரே" என்று அழைத்திருக்கிறான். அல்லது "சிரித்துச் சிரித்து ஆனேன்" என்று வருகிறது.

### எளிய காரணம்: எழுத்தின் வாலும் புள்ளியும் விழுந்துவிட்டன

1928 முதல் துருக்கிய மொழி லத்தீன் எழுத்தில் எழுதப்படுகிறது. ஆனால் அதில் வால் வைத்த எஸ், வால் வைத்த சி, மேலே வளைவு உள்ள ஜி, இரட்டைப் புள்ளி வைத்த ஓ, யு, புள்ளியில்லாத ஐ ஆகியவை தனி எழுத்துகள். ஆங்கில விசைப்பலகையில் அவசரமாக அடிப்பவர்கள் இவற்றையெல்லாம் உதிர்த்துவிடுவார்கள். "அஷ்கிம்" என்றால் என் காதலே. எஸ்ஸின் வால் போனால் "அஸ்கிம்", துணி மாட்டும் ஹேங்கர். "ஓல்தியூம்" என்றால் செத்தேன். புள்ளிகள் போனால் "ஒல்தும்", ஆனேன். அந்தப் பையன் எழுத நினைத்தது "சிரித்தே செத்தேன்". ஆபத்தான உதாரணமும் உண்டு: "சலித்துவிட்டது" என்ற சொல்லில் புள்ளியில்லாத ஐக்குப் பதில் சாதாரண ஐ விழுந்தால் அது படுக்கையறை வசைச்சொல்லாகிவிடும்.

சோதனை: கைபேசியில் துருக்கிய விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டு, சந்தேகமான சொல்லுக்கு வாலும் புள்ளியும் வைத்தும் வைக்காமலும் இரண்டு விதமாக அடித்துப் பாருங்கள். முந்தைய வரியோடு எது ஒட்டுகிறதோ அதுதான்.

### அடுத்த காரணம்: உயிரெழுத்துகளைத் தின்றுவிட்டார்கள்

எஸ்-எல்-எம் என்றால் "செலாம்", வணக்கம். சி-என்-எம் என்றால் "ஜானிம்", செல்லமே. டி-எம்-எம் என்றால் "தாமாம்", சரி. கே-ஐ-பி என்பது "உன்னைப் பார்த்துக்கொள்" என்ற மூன்று சொற்களின் முதலெழுத்துகள். இவற்றை விரித்து எழுதிய பிறகே மொழிபெயர்ப்புச் செயலியில் போடுங்கள்.

### அதுவும் இல்லையென்றால்

விசைப்பலகையில் கை போன போக்கில் அடித்தது போல ஒரு எழுத்துக் குவியல் இருந்தால், அது சிரிப்பு. இளவயதினர் அப்படித்தான் சிரிக்கிறார்கள். ஆங்கிலத்தில் "ஹாஹா" என்று போட்டுவிட்டு நகருங்கள்.

எப்போது நிறுத்துவது: இரண்டு வாசிப்புகளில் ஒன்று வசையாக வந்தால் ஊகிக்க வேண்டாம். அனுப்பியவரிடமே கேளுங்கள்.

## அறிகுறி 2: காலம் தப்பி, அன்பு பழசாகத் தெரிகிறது

என்னிடம் அதிகம் வருவது இதுதான். "ஐ மிஸ்ட் யூ" என்று மொழிபெயர்த்துக் கொடுத்திருப்பார்கள். அந்தப் பெண், "அப்போ இப்போ என்னைத் தேடலையா?" என்று கலங்கியிருப்பாள்.

### எளிய காரணம்: துருக்கியத்தின் இறந்தகாலம் இப்போதைய நிலையைச் சொல்கிறது

"செனி ஓஸ்லெதிம்" என்பதில் இறந்தகால விகுதி இருக்கிறது. ஆனால் சொல்பவர் இந்த நொடியில் ஏங்கிக்கொண்டிருக்கிறார். ஆங்கிலம்: "ஐ மிஸ் யூ". "களைத்தேன்", "பசித்தேன்" என்று அவர்கள் எழுதுவதும் இப்படித்தான்: "ஐ ஆம் டயர்ட்", "ஐ ஆம் ஹங்ரி". நாமும் தெருமுனையில் நின்றுகொண்டே "இதோ வந்துட்டேன்" என்கிறோம் அல்லவா?

சோதனை: இருவரும் இப்போது பிரிந்திருக்கிறார்களா, சந்தித்துவிட்டார்களா? பிரிந்திருந்தால் "ஐ மிஸ் யூ". விமான நிலையத்தில் கட்டிப்பிடித்த பின் எழுதியதென்றால் "ஐ'வ் மிஸ்ட் யூ".

### கொஞ்சம் ஆழமான காரணம்: "மிஷ்" விகுதி

"செனி நெ கதர் ஓஸ்லெமிஷிம்". இதில் வரும் "மிஷ்", நம்முடைய "வந்தானாம்", "சொன்னாளாம்" என்பதில் வரும் "ஆம்" போன்றது. பிறர் சொல்லிக் கேட்டதையும், பின்னால்தான் உணர்ந்ததையும் அது சுமக்கும். தன்னைப் பற்றியே சொல்லும்போது, "எனக்கே இப்போதுதான் தெரிகிறது" என்ற வியப்பு வரும். எனவே இந்த வரியின் ஆங்கிலம் "ஐ ஹேட்ன்ட் ரியலைஸ்ட் ஹவ் மச் ஐ'ட் மிஸ்ட் யூ". துருக்கியச் செய்திகளிலேயே எனக்கு மிகவும் பிடித்த வடிவம் இது. இதைச் சாதாரண "ஐ மிஸ் யூ" ஆக்கினால், எழுதியவரின் நெஞ்சு திறந்த அந்தக் கணம் பறிபோகிறது. வார்த்தை கூடினாலும் பரவாயில்லை, முழுதாக எழுதுங்கள்.

எப்போது நிறுத்துவது: "மிஷ்" வந்த வரி மூன்றாம் ஆளைப் பற்றியது, அதைக் கொண்டு ஒரு முடிவெடுக்கப் போகிறார்கள் என்றால் (யாரோ யாரையோ பார்த்ததாகக் கேள்வி என்பது போல), தாய்மொழிக்காரர் ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். கேள்விப்பட்டதைக் கண்டதாக மொழிபெயர்ப்பது குடும்பத்தையே உடைக்கும்.

## அறிகுறி 3: ஈரல், ஆட்டுக்குட்டி, பலி, தின்பேன். படிப்பவர் பயந்துபோகிறார்

பாட்டி பேத்தியின் படத்தைப் பார்த்துவிட்டு எழுதுகிறார்: உனக்கு நான் பலியாகிறேன், என் ஈரலே, உன்னைத் தின்றுவிடுவேன். செயலி இதை அப்படியே ஆங்கிலத்தில் தருகிறது.

### எளிய காரணம்: கொஞ்சுமொழியைச் சொல்லுக்குச் சொல் மாற்றிவிட்டார்கள்

"ஜானிம்" என்றால் என் உயிர். பாரசீகத்திலிருந்து வந்த "ஜான்" இது. ஆனால் தினசரிப் பழக்கத்தில் அது நம்முடைய "கண்ணு", "செல்லம்" அளவுக்குத் தேய்ந்துவிட்டது. ஆங்கிலத்தில் துணைக்கு "டார்லிங்", தோழிக்கு வெறும் பெயர், குழந்தைக்கு "ஸ்வீட்ஹார்ட்". "ஹயாதிம்", அதாவது என் வாழ்வே, கணவன் மனைவிக்கிடையே "டார்லிங்", "லவ்". "குஸும்" என்றால் என் ஆட்டுக்குட்டி. இதற்கு ஆங்கிலத்திலும் பழங்காலப் பாட்டிமார் "மை லேம்" என்பார்கள், பாட்டி வாயில் என்றால் அப்படியே விடலாம். "ஜியெரிம்" என்பது ஈரலையும் நுரையீரலையும் சேர்த்துக் குறிக்கும் சொல். கருப்பு ஜியெர் ஈரல், வெள்ளை ஜியெர் நுரையீரல். அந்த உறுப்புகளை ஆங்கிலத்தில் ஏற்றினால் ஆஸ்பத்திரி வாசனை வரும். "மை ஹார்ட்" போதும். "கியோஸியூம்", என் கண்ணே. நமக்கு விளக்கம் தேவையில்லை. ஆங்கிலத்தில் கண்ணை விட்டுவிட்டு "மை டியரஸ்ட்" என்று போங்கள்.

"குர்பான் ஒலுரும்", உனக்கு நான் பலியாகட்டும். இதில் கத்தியும் இல்லை, ரத்தமும் இல்லை. நம் பாட்டி பேரன் கன்னத்தை வழித்து நெற்றிப்பொட்டில் விரல் முறிப்பாளே, அதே செய்கைதான். "ஓ, ஐ அடோர் யூ" என்று எழுதுகிறேன். "செனி யெரிம்", உன்னைத் தின்றுவிடுவேன். குழந்தையைப் பார்த்துச் சொன்னால் ஆங்கிலத்திலும் "ஐ குட் ஈட் யூ அப்" உண்டு, அப்படியே நிற்கும்.

### அடுத்த காரணம்: "ஜானிம்" இங்கே கொஞ்சலே இல்லை

"யோக் ஜானிம்" என்றால் "சேச்சே, அப்படியெல்லாம் இல்லை". "ஜானிம் சிகில்தி" என்றால் "மனசு சரியில்லை" அல்லது "போரடிக்குது". "ஜானிம் செக்தி" என்றால் ஏதோ தின்ன ஆசையாக இருக்கிறது. இங்கெல்லாம் "டார்லிங்" வந்தால் பிழை. சோதனை எளிது: அந்தச் சொல்லுக்கு முன் "யோக்" நிற்கிறதா, அல்லது பின் வினைச்சொல் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா? நின்றால் அது மரபுத்தொடர், விளி அல்ல.

### சிரமமான காரணம்: சூட்டின் அளவு தெரியவில்லை

ஒரே செய்தியில் ஐந்து கொஞ்சுமொழி இருக்கும். ஆங்கிலத்தில் ஐந்தையும் வைத்தால் பொய்யாகத் தெரியும். நான் இரண்டு வைப்பேன், ஒன்று தொடக்கத்தில், ஒன்று முடிவில். இதைத் துரோகம் என்று சிலர் என்னிடம் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அன்பு இவ்வளவு அடுக்கப்படுவதில்லை, அடுக்கினால் படிப்பவர் ஒன்றையும் நம்ப மாட்டார் என்பதுதான் என் பதில்.

சோதனை: உரையாடலை மேலே தள்ளிப் பழைய செய்திகளைப் பாருங்கள். எப்போதும் "ஜானிம்" போடும் ஆள் இன்றும் போட்டால் அது பழக்கம். எப்போதும் பெயர் சொல்லி அழைப்பவர் முதல் முறையாக "பிர் தானெம்" (என் ஒரே ஒருத்தியே) என்று எழுதியிருந்தால் அது நிகழ்ச்சி, முழு எடையோடு மொழிபெயருங்கள். "யாவ்ரும்" என்ற சொல்லைத் தனியாகக் கவனியுங்கள். தாய் சொன்னால் "என் குஞ்சு". தெரியாத பெண்ணிடம் ஆண் சொன்னால் அது தெருச் சீண்டல்.

### உடனே நிறுத்த வேண்டிய இடம்

"கியாமம் சனா" என்றால், உன்னை நோகடிக்க மனம் வராது. சளி பிடித்திருக்கிறது என்று சொன்னவருக்கு வரும் பதில் இது: "ஐயோ, என் செல்லமே". ஆங்கிலம்: "ஓ, யூ புவர் திங்". ஆனால் அதே வினை "ஜான்" என்பதோடு சேர்ந்து "ஜானிமா கியாரிம்" என்று வந்தால், "என் உயிரை மாய்த்துக்கொள்வேன்" என்று பொருள். "உனக்காகச் சாவேன்" என்ற கொஞ்சல் வேறு, இது வேறு. இந்தத் தொடரைக் கண்டால் மொழிபெயர்ப்பை அங்கேயே வைத்துவிட்டு, செய்தியைப் பெற்றவரிடம் நேரடியாகச் சொல்லுங்கள். அனுப்பியவரின் பக்கத்தில் இருக்கும் ஆளை உடனே அழைக்கச் சொல்லுங்கள். நயமான ஆங்கிலத்தைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.

## அறிகுறி 4: யார் யாருக்கு என்ன உறவு என்று குழம்புகிறது

### தாய் தன் மகனை "அம்மா" என்கிறாள்

"சாப்பிடு, அன்னெம்". அன்னெ என்றால் அம்மா. மகன் தன் அம்மாவுக்கு எழுதியது என்று செயலி முடிவுகட்டிவிடும். நாமும் மகளை "அம்மா" என்றும் மகனை "அப்பா" என்றும் அழைப்பவர்கள்தான். ஆனால் ஒரு வேறுபாடு: நாம் குழந்தை ஆணா பெண்ணா என்று பார்த்து அழைக்கிறோம், துருக்கியர் சொல்பவரின் உறவைச் சொல்லி அழைக்கிறார்கள். தாய் மகனையும் மகளையும் "அன்னெம்" என்பாள். தந்தை இருவரையும் "பாபாஜிம்" என்பார். தாயின் சகோதரி "தெய்ஸெம்" என்பார். அதாவது அனுப்பியவர் யார் என்பதை அந்தச் சொல்லே காட்டிக்கொடுக்கும். ஆங்கிலத்தில் "ஸ்வீட்ஹார்ட்" அல்லது "லவ்".

### "அபி", "அப்லா"

நம் "அண்ணே", "அக்கா" போலத்தான். ரத்த உறவு இல்லாதவருக்கும் போகும். ஆங்கிலத்தில் "பிக் பிரதர்" வேண்டாம். நண்பர்களுக்குள் "மேட்", மற்ற இடத்தில் பெயர், பல இடங்களில் ஒன்றுமே வேண்டாம்.

### அவனா, அவளா?

துருக்கியத்தில் மூன்றாம் ஆளுக்கு "ஓ" என்ற ஒரே சொல். அவன், அவள், அது எல்லாம் அதுதான். ஒரு முறை "ஐ லவ் ஹெர் சோ மச்" என்று செயலி தந்ததைப் படித்துவிட்டு ஒரு மனைவி இரண்டு நாள் பேசவில்லை. கணவன் எழுதியது தன் சித்தப்பாவைப் பற்றி. பெயரைக் கொண்டு ஊகிப்பதும் எப்போதும் உதவாது. "தெனிஸ்" (கடல்) போன்ற பெயர்கள் ஆணுக்கும் பெண்ணுக்கும் உண்டு. தெளிவில்லாவிட்டால் ஆங்கிலத்தில் பெயரையே திருப்பி எழுதுங்கள், அல்லது கேளுங்கள்.

### "சென்", "சிஸ்"

நீயும் நீங்களும். மருமகள் மாமியாருக்கு "சிஸ்" போட்டிருந்தால், ஆங்கில "யூ" அந்த மரியாதையைக் காட்டாது. வாக்கியத்தில் காட்டுங்கள்: "ஹவ் ஆர் யூ?" என்பதற்குப் பதில் "ஐ ஹோப் யூ'ர் கீப்பிங் வெல்". ஆனால் "சிஸ்" பன்மையும்கூட. வீட்டார் எல்லாருக்கும் சேர்த்து எழுதியதா என்று பார்த்துவிடுங்கள்.

## அறிகுறி 5: பாசமாக எழுதியது சண்டையாகப் படிக்கப்படுகிறது

"என்னை அழைப்பதே இல்லை. மறந்துவிட்டாய். நான் உன்னோடு கியூஸ்தியூம்." ஆங்கிலத்தில் இது குற்றப்பத்திரிகை போல நிற்கிறது. துருக்கியத்தில் இதற்கு "சிதெம்" என்று பெயரே இருக்கிறது: உரிமையுள்ளவர் மீது மட்டும் வைக்கும் மனத்தாங்கல். நமக்கு ஊடல் தெரியும், அதனால் புரிவதில் சிரமமில்லை.

எளிய காரணம், "கியூஸ்தியூம்" என்பதை "ஐ ஆம் அஃபெண்டட்" என்று மாற்றியது. அது நம் பள்ளிக்கூடத்து "கா". ஆங்கிலம்: "ரைட், ஐ'ம் நாட் டாக்கிங் டு யூ!" வியப்புக்குறி கட்டாயம். "அழைப்பதே இல்லை" என்பதை "ஐ நெவர் ஹியர் ஃப்ரம் யூ எனி மோர்" என்று தன் பக்கம் திருப்பினால் குத்தல் குறைந்து ஏக்கம் மேலே வரும்.

இரண்டாவது காரணம், "யா" போன்ற சிறு சொற்களை உதிர்த்தது. "கெல்செனெ யா" என்றால் "வாயேன்பா". அந்த "யேன்பா" இல்லாமல் "கம்" என்று மட்டும் எழுதினால் கட்டளை. "ஓ, டூ கம்" என்று மென்மையாக்குங்கள்.

மூன்றாவது சாத்தியம்: அது உண்மையிலேயே கோபம். "கிரில்திம்" (உடைந்துபோனேன்) என்றிருந்தால் பெரும்பாலும் மெய்யான வலி. சோதனைகள் இவை. எழுத்தை இழுத்து அடித்திருக்கிறாரா? இழுத்திருந்தால் விளையாட்டு. பெயரோடு எப்போதும் ஒட்டும் "ஜிம்" என்ற செல்ல விகுதி இன்று காணோமா? திடீரென்று "சிஸ்" வந்துவிட்டதா? ஒவ்வொரு வரிக்கும் முற்றுப்புள்ளியா? இருந்தால் வலி. அப்போது இனிப்பைத் தடவாதீர்கள். "ஐ வாஸ் ரியலி ஹர்ட்" என்று நேராக எழுதுங்கள். பெறுபவருக்கு அந்த வலி தெரிய வேண்டும், மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பை மொழிபெயர்ப்பவர் பறிக்கக் கூடாது.

## அறிகுறி 6: வாழ்த்துத் தொடர் காற்றில் தொங்குகிறது

இவற்றை மொழிபெயர்க்க முயலாதீர்கள், இடத்துக்கு ஏற்ற ஆங்கிலத் தொடரை வையுங்கள். "எலினெ சாலிக்" (உன் கைக்கு ஆரோக்கியம்) சமைத்தவருக்கு: "தட் வாஸ் டிலீஷியஸ், தேங்க் யூ". "கெச்மிஷ் ஒல்சுன்" (கடந்து போனதாகட்டும்) நோயாளிக்கு: "கெட் வெல் சூன்". "இயி கி தோத்துன்" (நல்லவேளை பிறந்தாய்): "ஹேப்பி பர்த்டே". "இயி கி வார்சின்" (நல்லவேளை நீ இருக்கிறாய்) மட்டும் விதிவிலக்கு. அதற்கு ஆங்கிலத்தில் தயார்த் தொடர் இல்லை. "ஐ'ம் சோ க்ளாட் ஐ ஹேவ் யூ" என்பதுதான் நான் கண்டவற்றில் நெருக்கமானது.

ஒரு எச்சரிக்கை. "ஜானின் சா ஒல்சுன்" என்பது கோப்பை உடைந்தாலோ தேர்வில் தோற்றாலோ சொல்வது: "போனால் போகட்டும், நீ நல்லா இருந்தா போதும்". "பாஷின் சா ஒல்சுன்" என்பது இழவு விசாரிப்பது. முதல் சொல் ஒன்றுதான் மாறுகிறது. அவசரத்தில் மாற்றிப் படித்தால் திருத்த முடியாத வருத்தம் ஏற்படும்.

## அறிகுறி 7: பொருள் சரி, ஆனால் ஆங்கிலம் நம்முடையதாக இருக்கிறது

இது துருக்கியத்தின் குறையே இல்லை, நம் பழக்கம். "டியர்" என்று தனியாக விளிப்பது, எல்லாவற்றையும் "டேக் கேர்" என்று முடிப்பது, "ஐ ஆம் லவ்விங் யூ சோ மச்" என்பது. "செவியோரும்" நிகழ்காலத் தொடர்வினை போலத் தெரிந்தாலும் "ஐ லவ் யூ"தான்.

முடிவுரையில் "ஓப்தியூம்" (முத்தமிட்டேன்) வந்தால் பதற வேண்டாம். தோழிகள், அத்தைகள், சித்திகள் எல்லாரும் அப்படித்தான் முடிப்பார்கள். பிரிட்டனில் செய்தியின் கடைசியில் எக்ஸ் என்ற எழுத்தை ஒன்றிரண்டு முறை போடுகிறார்களே, அதுவே இதற்கு நேர். "எல்லெரிந்தென் ஓபெரிம்" (உங்கள் கைகளை முத்தமிடுகிறேன்) என்பது இளையவர் பெரியவருக்கு எழுதுவது, காதல் அல்ல. "வித் லவ் அண்ட் ரெஸ்பெக்ட்" என்று முடியுங்கள்.

சில ஜோடிகளுக்குள் "ஜானிம்" என்பது இருவருக்கும் பழகிய சொல்லாகிவிட்டிருக்கும். அங்கே அதை மொழிபெயர்க்காமல் அப்படியே விடுவதையே நான் விரும்புகிறேன்.

## வெளியாளிடம் ஒப்படைக்க வேண்டிய இடம்

குடும்ப விசாவுக்கு உறவின் சான்றாகச் செய்திகளைக் கேட்டால், மேலே சொன்ன இயல்பாக்கும் வேலை எதையும் செய்யாதீர்கள். பிரிட்டனுக்கு அனுப்பும் மொழிபெயர்ப்பில், இது மூலத்தின் சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதிமொழி, மொழிபெயர்த்த தேதி, மொழிபெயர்ப்பாளரின் முழுப்பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம் ஆகியவை இருக்க வேண்டும். அமெரிக்கக் குடிவரவுத் துறைக்கு, மொழிபெயர்ப்பு முழுமையானது, துல்லியமானது, இரு மொழியிலும் தனக்குத் தகுதி உண்டு என்று மொழிபெயர்ப்பாளர் சான்றளிக்க வேண்டும். துருக்கிக்குள் நீதிமன்றத்துக்கோ அலுவலகத்துக்கோ என்றால் "யெமின்லி தெர்ஜுமான்" என்னும் உறுதிமொழி பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் போக வேண்டும். பல இடங்களில் "நோதெர்" எனப்படும் நோட்டரியின் ஒப்புதலும் கேட்பார்கள்.

விவாகரத்து, குழந்தைப் பொறுப்பு, மிரட்டல் வழக்கு என்றாலும் இதே வழிதான். கொடுக்கும்போது செய்திகளைத் தேதி, நேரம், எமோஜி, எழுத்துப்பிழை உட்பட அப்படியே கொடுங்கள். நீங்கள் அன்போடு செதுக்கி வைத்த ஆங்கிலப் பிரதியை அந்தக் கோப்பில் சேர்க்காதீர்கள்.